சிவப்பாக ஓடிய வூப்பர் ஆறு



தொழில் நகரம் என்று சொன்னவுடன் எங்களில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது வட இங்கிலாந்துதான். மான்செஸ்ரர், லீட்ஸ், பிராட்போர்ட் என்று பாடசாலையில் படித்திருக்கிறோம். பஞ்சு, நீராவி இயந்திரம், புகைபோக்கி, வரிசை வரிசையாகத் தொழிலாளர் வீடுகள் என்று எங்கள் வாத்தியார்மார் சொல்லித் தந்த படம் மனதில் அப்படியே இருக்கிறது. ஆனால் நாங்கள் வந்து குடியேறிய ஜேர்மனியிலேயே அதே கதையை உடைய நகரங்கள் இருக்கின்றன. "ஜேர்மனியின் மான்செஸ்ரர்" என்ற பட்டம் இங்கே ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களுக்குச் சூட்டப்பட்டது. அவற்றில் ஒன்று, எங்கள் மக்கள் நிறையப் பேர் வாழும் நோர்ட்றைன் வெஸ்ற்பாலன் மாநிலத்தில் இருக்கும் வூப்பெற்றால். நான் பல வருடங்கள் வேலை செய்த நகரம் அது. அந்த நகரத்தையும், ஒரு காலத்தில் அங்கே சிவப்பு நிறமாக ஓடிய ஆற்றையும், அந்தச் சிவப்புக்கும் எங்கள் ஊர் மணலில் விளைந்த ஒரு வேருக்கும் உள்ள தொடர்பையும் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

வூப்பெற்றால் என்றால் வூப்பர் ஆற்றின் பள்ளத்தாக்கு என்று பொருள். இந்தப் பெயர் பழைய பெயர் அல்ல. எல்பர்பெல்ட், பார்மன் என்ற இரண்டு பழைய தொழில் நகரங்களையும் அயலில் இருந்த சில சிறிய ஊர்களையும் 1929இல் ஒன்றாக இணைத்தார்கள். அடுத்த வருடம், 1930இல், இந்தப் பெயர் வந்தது. இரண்டு பக்கமும் மலைச்சரிவு, நடுவே ஒடுங்கிய ஆறு. ஆற்றங்கரை முழுவதும் தொழிலகங்களும் வீடுகளும் நெருக்கமாக எழும்பிவிட்டதால் தரையில் புதிதாக ஒரு தொடருந்துப் பாதை போட இடம் போதவில்லை. அதனால்தான் ஆற்றுக்கு மேலேயே இரும்புத் தூண்களை நட்டு, அதில் தொங்கிக்கொண்டு ஓடும் தொடருந்தை அமைத்தார்கள். 1901ஆம் ஆண்டு மக்கள் பாவனைக்கு விடப்பட்ட அந்தத் தொங்கு தொடருந்து இன்றும் ஓடுகிறது. 13 கிலோமீற்றர் தூரம், 20 நிலையங்கள். 1950இல் ஒரு சர்க்கஸ் கொம்பனி விளம்பரத்துக்காகத் துபி என்ற யானைக்குட்டியை அதில் ஏற்றிச் செல்ல, அது மிரண்டு ஆற்றுக்குள் பாய்ந்து சிறு காயங்களோடு தப்பிய கதையை வூப்பெற்றால் பிள்ளைகள் எல்லோரும் அறிவார்கள். தொடருந்துக்கும் யானைக்கும் இருக்கும் புகழ், கீழே ஓடும் ஆற்றுக்கு இல்லை. ஆனால் இந்த நகரத்தின் உண்மையான கதை அந்த ஆற்றில்தான் இருக்கிறது.

வூப்பர் ஆற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. நூலை வெளுப்பதற்கு அப்படியான மென்மையான தண்ணீர் மிகவும் நல்லது. ஆற்றங்கரைப் புல்வெளியில் நூலைப் பரப்பி, தண்ணீர் தெளித்துத் தெளித்து, வெயிலில் வெளுக்க வைப்பார்கள். 1527ஆம் ஆண்டு அந்தப் பகுதியை ஆண்ட கோமகன், நூல் வெளுக்கும் உரிமையை எல்பர்பெல்ட், பார்மன் என்ற இந்த இரண்டு ஊர்களுக்கும் மட்டும் என்று எழுதிக் கொடுத்தார். அங்கிருந்து தொடங்கியது இவர்களின் வளம். வெளுத்த நூலிலிருந்து நாடா, சரிகைப் பின்னல், றிபன், பிறகு துணி என்று தொழில் பெருகியது. நூலும் துணியும் இருந்தால் அடுத்துத் தேவைப்படுவது சாயம்.

அந்தக் காலத்தில் ஐரோப்பியரை மயக்கிய சாயம் ஒன்று இருந்தது. துருக்கிச் சிவப்பு என்று அதற்குப் பெயர். துவைத்தாலும் போகாது, வெயிலிலும் மங்காது. பருத்தி நூலில் அப்படி ஒரு சிவப்பை ஏற்றுவது எப்படி என்று ஐரோப்பாவில் நீண்ட காலம் யாருக்கும் தெரியாது. துருக்கிப் பேரரசிலிருந்து அந்த இரகசியம் முதலில் பிரான்சுக்கு வந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வூப்பர் பள்ளத்தாக்கையும் எட்டியது. செய்முறையைக் கேட்டால் நீங்கள் மூக்கைப் பொத்துவீர்கள். நூலைக் காரத் தண்ணீரில் அவிக்க வேண்டும். ஊசிப்போன ஒலிவ் எண்ணெயையும் ஆட்டுப் புழுக்கையையும் கலந்த கரைசலில் தோய்த்துக் காய விட வேண்டும், திரும்பவும் தோய்க்க வேண்டும், திரும்பவும் காய விட வேண்டும். பிறகு மாசிக்காய், படிகாரம். அதன் பிறகுதான் சாயத்தொட்டி. அதற்குள் மாட்டு இரத்தமும் சேர்ப்பார்கள். கடைசியில் சவர்க்காரம் போட்டு அவித்தால்தான் நிறம் பளிச்சென்று வரும். எல்லாம் முடிய வாரக்கணக்கில் ஆகும். நிறம் கொடுக்கும் பொருள் ஒரு செடியின் வேர். எங்கள் நாட்டு வைத்தியத்தில் வரும் மஞ்சிட்டிக்கு இனமான செடி அது. ஜேர்மன் மொழியில் கிறாப் என்பார்கள்.

இங்கேதான் எங்கள் கதை குறுக்கிடுகிறது. எண்ணெய், புழுக்கை, படிகாரம், வேர் என்ற இந்தச் செய்முறை எங்கள் பக்கத்துச் சாயக்காரருக்குப் புதிதல்ல. இந்த நுட்பமே இந்தியாவிலிருந்து மேற்கே பரவியது என்பது பல ஆய்வாளரின் கருத்து. சோழமண்டலக் கரையிலும் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அவர்கள் பாவித்தது சாயவேர். எங்கள் வீடுகளில் இருமலுக்கும் இரத்த வாந்திக்கும் மருந்தாகச் சொல்லப்படும் இம்பூறல் என்ற சிறு பூண்டு இருக்கிறதே, அதன் வேர்தான் சாயவேர். மேலே பார்த்தால் விரலளவு உயரத்தில் ஒரு புல்பூண்டு. கீழே நீளமாக மணலுக்குள் இறங்கும் வேர். அந்த வேரின் பட்டையில் இருக்கிறது சிவப்பு. சிப்பி கலந்த கடற்கரை மணலில் விளைந்த வேரே சிறந்தது என்று அக்காலச் சாயக்காரர் மதித்தார்கள்.

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். 1795 வரை அவர்கள் கையில் இருந்தது. முத்துக்கும் யானைக்கும் புகையிலைக்கும் ஆசைப்பட்ட அந்தக் கொம்பனி இந்த வேரையும் விட்டு வைக்கவில்லை. வேர் தோண்டுவதைத் தன்னுடைய தனி உரிமை ஆக்கிக்கொண்டது. தோண்டும் வேலை சில குறிப்பிட்ட சமூகத்து மக்கள் மீது கடமையாகச் சுமத்தப்பட்டது. தோண்டிய வேரை அவர்கள் கொம்பனிக்கே கொடுக்க வேண்டும். வெயிலில் மணலைக் கிண்டியவரின் பெயர் எந்தத் துணியிலும் எழுதப்படவில்லை. ஐரோப்பியச் சீமாட்டிகள் விரும்பி வாங்கிய சோழமண்டலத்துச் சிவப்புத் துணிக்குள் அந்த மக்களின் உழைப்பு இருந்தது. இதை மறந்துவிட்டு "எங்கள் பாரம்பரியச் சாயம்" என்று பெருமை மட்டும் பேசுவது சரியல்ல என்பது என் எண்ணம். பெருமையும் உண்டு, அதற்குள் கொடுமையும் உண்டு.

மீண்டும் வூப்பருக்கு வருவோம். 1839ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஹம்பேர்க்கில் வெளிவந்த ஒரு பத்திரிகையில், எழுதியவர் பெயர் இல்லாமல் சில கடிதங்கள் வெளியாகின. வூப்பெற்றாலில் இருந்து கடிதங்கள் என்பது தலைப்பு. எல்பர்பெல்டில் அந்தப் பத்திரிகை பரபரப்பாக விலைப்பட்டது. பணக்காரக் குடும்பங்கள் கொதித்தன. எழுதியது யார் என்று தேடினார்கள். எழுதியவர் அவர்களில் ஒருவரின் மகன். பார்மனில் பஞ்சு ஆலை முதலாளி வீட்டில் 1820ஆம் ஆண்டு பிறந்த பிரெட்றிக் எங்கெல்ஸ். அப்போது அவருக்கு வயது 18.

அந்தக் கடிதங்களின் தொடக்கத்திலேயே ஆறு வருகிறது. ஆற்றின் சிவப்பு எந்தப் போரிலும் சிந்திய இரத்தத்தால் வந்தது அல்ல, துருக்கிச் சிவப்புச் சாயப்பட்டறைகளால் வந்தது என்று விளக்குகிறார். பிறகு அவர் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறார். எல்பர்பெல்டில் பாடசாலை வயதுப் பிள்ளைகள் 2,500 பேரில் 1,200 பேர் பாடசாலையைக் காணாமல் தொழிலகத்தில் வளர்கிறார்கள் என்று கணக்குக் கொடுக்கிறார். ஏன்? பெரியவருக்குக் கொடுக்கும் கூலியில் பாதியைக் கொடுத்துப் பிள்ளையிடம் அதே வேலையை வாங்கலாம். காரணம் அவ்வளவுதான். கோயிலுக்குத் தவறாமல் போகும் முதலாளிமார்தான் இதைச் செய்தார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

இந்த எங்கெல்ஸ்தான் 1842இல் தகப்பனுக்குப் பங்கு இருந்த பஞ்சாலைக்கு வேலை பழக மான்செஸ்ரருக்கு அனுப்பப்பட்டார். அங்கே கண்டதை வைத்து 1845இல் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலைமை பற்றிய பெயர்பெற்ற நூலை வெளியிட்டார். அவருடைய பிற்கால அரசியலைப் பற்றி எங்களிடையே வெவ்வேறு கருத்துகள் இருக்கலாம். இன்றைய பேச்சு அதைப் பற்றியது அல்ல. நான் சொல்ல வருவது ஒன்றுதான். மான்செஸ்ரரில் அவர் கண் திறந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அந்தக் கண்ணைப் பழக்கியது வூப்பர் ஆறு. தன் வீட்டு வாசலில் ஓடிய தண்ணீரைப் பார்த்து, இது ஏன் இந்த நிறம் என்று கேட்டதிலிருந்து தொடங்கியது அது.

நேயர்களே, முதலாளிமார் எல்லோரும் ஒரே மாதிரி இருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பார்மனில் யொஹானஸ் சூஹார்ட் என்று ஒருவர் இருந்தார். அவரும் தொழிலதிபர்தான். 1837இல் றைன் மாகாண சபையில் எழுந்து நின்று, தொழிலகப் பிள்ளைகளைப் பாதுகாக்கச் சட்டம் வேண்டும் என்று பேசினார். தன் தொழிலுக்கும் தன் நண்பர்களின் தொழிலுக்கும் செலவு கூட்டும் சட்டத்தை அவரே கேட்டார். 1839 மார்ச் 9ஆம் திகதி பிரஷ்ய அரசு அந்த ஒழுங்குவிதியைக் கொண்டுவந்தது. எங்கெல்ஸின் முதல் கடிதம் வந்த அதே மாதம். 9 வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தொழிலகத்தில் வேலைக்கு வைக்கக் கூடாது. 16 வயதுவரை ஒரு நாளுக்கு 10 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இரவு வேலையும் கூடாது. இன்று கேட்டால் இதுவும் ஒரு பாதுகாப்பா என்று தோன்றும். மேற்பார்வை செய்ய ஆட்கள் இல்லாததால் பல இடங்களில் விதி ஏட்டிலேயே இருந்தது. 1853இல்தான் தொழிலகங்களைப் பார்வையிட அதிகாரிகளை அமர்த்தச் சட்டம் வந்தது. ஆனாலும் ஒரு பிள்ளையின் நாளுக்கு ஓர் எல்லை உண்டு என்று ஜேர்மன் மண்ணில் முதன்முதலாக எழுதப்பட்ட சட்டம் அது. நம் பிள்ளைகள் இன்று ஒரு தடங்கலும் இல்லாமல் பாடசாலைக்குப் போகிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் இப்படியான எழுத்தும் பேச்சும் இருக்கின்றன.

இனி இரசாயனம். 1868இல் பேர்லினில் கிறேபே, லீபர்மன் என்ற இரண்டு விஞ்ஞானிகள், வேரில் இருக்கும் அதே சிவப்புப் பொருளை நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த ஒரு பொருளைக் கொண்டு செயற்கையாகச் செய்து காட்டினார்கள். அலிசரின் என்பது அதன் பெயர். செடியில் இருக்கும் ஒரு சாயத்தை மனிதன் முதன்முதலாகச் செய்தது அப்போதுதான். அதற்கு ஐந்து வருடத்துக்கு முன், 1863இல், பார்மனில் பிரெட்றிக் பாயர் என்ற சாய வியாபாரியும் வெஸ்கொட் என்ற சாயப்பட்டறைக்காரரும் சேர்ந்து ஒரு சிறு கொம்பனியைத் தொடங்கியிருந்தார்கள். வீட்டு அடுப்பில் பரிசோதனை செய்து தொடங்கியதாகச் சொல்வார்கள். அந்தக் கொம்பனி 1870களில் எல்பர்பெல்டில் அலிசரின் செய்யத் தொடங்கியது. பிறகு அதே இடத்தில் 1897இல் அஸ்பிரின் பிறந்தது. ஆம், நாங்கள் தலையிடிக்குப் போடும் அந்த வில்லையைத் தந்த பாயர் கொம்பனி, சாயத்தில் பிறந்து வளர்ந்த கொம்பனி.

செயற்கை அலிசரின் மலிவு, வேலையும் சுருக்கம். பத்துப் பதினைந்து வருடத்துக்குள் பிரான்சிலும் ஒல்லாந்திலும் கிறாப் பயிரிட்ட விவசாயிகள் நொடிந்து போனார்கள். எங்கள் சாயவேருக்கும் அதே விதி. வைகைத் தண்ணீரில் சிவப்பு ஏற்றிப் பெயர் பெற்ற மதுரைச் சாயக்காரர்களே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் செயற்கைச் சாயத்துக்கு மாறிவிட்டார்கள். வேர் தோண்டும் கொடுமை போனது நல்லதே. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த ஒரு சாயத்தொழில் அறிவும் அதோடு சேர்ந்து போயிற்று. போனதற்கு ஈடாக அந்த மக்களுக்கு யாரும் எதையும் கொடுக்கவில்லை. வூப்பர் கரையில் ஒரு ஆலை எழும்ப, எங்கள் மணலில் ஒரு தொழில் சாய்ந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்து வூப்பெற்றாலுக்கு நாங்கள் 1980களில்தான் வந்தோம் என்று நினைக்கிறோம். எங்கள் பெயர் தெரியாமலேயே எங்கள் தொடர்பு அதற்கு நூறு வருடத்துக்கு முன்பே அந்த ஊரோடு ஏற்பட்டுவிட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த நகரத்தின் நெசவுத் தொழில் ஏற்கெனவே இறங்குமுகத்தில் இருந்தது. எங்கள் வேலைத்தலத்தில் சப்பாத்து நாடாவும் உடுப்புக்கு வைக்கும் பின்னல் நாடாவும் செய்தார்கள். நூற்றுக்கணக்கான நூற்கட்டைகள் ஒன்றையொன்று சுற்றி ஆடிக்கொண்டே பின்னும் இயந்திரங்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரோடு கதைக்க முடியாது, கையால்தான் கதைப்போம். துருக்கியர், இத்தாலியர், கிரேக்கர், தமிழர் எல்லோருக்கும் அந்தக் கைப்பாஷை தெரியும். என்னோடு வேலை செய்த வயதான ஜேர்மன்காரர் ஒருவர் ஒரு முறை சொன்னார், "இந்த வருடம் என்ன நிறம் மவுசு என்று அறிய என் பாட்டி கடைக்குப் போக மாட்டா, பாலத்தில் நின்று ஆற்றை எட்டிப் பார்ப்பா" என்று. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு அவரே, "அந்த ஆற்றில் மீன் இருந்ததை அவ கண்டதே இல்லை" என்றார்.

இன்று அந்த ஆற்றில் மீன் இருக்கிறது. கரையில் நாரை நிற்கிறது. ஆற்றைச் சுத்தப்படுத்தச் சட்டமும் பணமும் பல வருட உழைப்பும் தேவைப்பட்டன. ஆனால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும் ஒரு காரணம். எங்கள் வேலைத்தலமும் பிறகு மூடப்பட்டது. பல ஆலைக் கட்டடங்கள் இப்போது வீடுகளாகவும் கலைக்கூடங்களாகவும் மாறிவிட்டன. கைவிடப்பட்ட ஒரு தொடருந்துப் பாதையை, நகர மக்களே முன்னின்று, சைக்கிள் ஓடவும் நடக்கவும் பாதையாக மாற்றி 2014இல் முடித்தார்கள். போய்ப் பாருங்கள், அழகான இடம்.

ஆனால் நேயர்களே, நாங்கள் உடுப்புப் போடுவதை நிறுத்தவில்லையே. சாயமும் நிற்கவில்லை. அப்படியானால் அந்தச் சிவப்பு எங்கே போனது?

தமிழ்நாட்டில் திருப்பூருக்குப் போனால் விடை தெரியும். அங்கே தைக்கப்படும் பனியனும் உள்ளாடையும் ஜேர்மன் கடைகளுக்கும் வருகின்றன. திருப்பூர் வழியாக ஓடுவது நொய்யல் ஆறு. பாசனத்துக்காக அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணையைக் கட்டி 1992இல் திறந்தார்கள். அதில் தேங்கியது சாயக்கழிவு. அணைக்குக் கீழே இருந்த வயல்கள் உப்பேறிப் போயின, கிணற்றுத் தண்ணீர் மாட்டுக்குக்கூட உதவவில்லை. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். வழக்குப் பல வருடம் நடந்தது. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூரின் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஆற்றுக்குள் ஒரு சொட்டுக் கழிவும் விடாத முறைக்கு மாறினால்தான் மீண்டும் திறக்கலாம் என்பது நிலை. பட்டறைகள் மூடப்பட்டதும் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலை இழந்தார்கள். விவசாயிக்கு நீதி கிடைத்த அதே நாளில் தொழிலாளியின் அடுப்பு அணைந்தது. இரண்டு பேரும் எங்கள் ஆட்கள்தான். அந்தத் துணியை மலிவு விலைக்கு வாங்கியவர்களுக்கு இரண்டில் ஒன்றும் தெரியாது.

நான் சொல்ல வந்த விடயம் இதுதான். ஒரு ஆறு தெளியும்போது அந்த நிறம் இல்லாமல் போவதில்லை, பல வேளைகளில் இடம் மாறுகிறது. முன்பு வேர் எங்களிடம் இருந்தது, துணி இங்கே வந்தது. பிறகு சாயம் இங்கே செய்யப்பட்டது, தொழில் அங்கே அழிந்தது. இப்போது கழிவு அங்கே, உடுப்பு இங்கே. இந்தக் கணக்கின் இரண்டு பக்கத்தையும் பார்க்கக் கூடியவர்கள் நாங்கள். அங்கே பிறந்து இங்கே வாழ்கிறோம். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து, வெள்ளைக்காரன் சுரண்டினான் என்று சொல்லி முடித்துவிடலாம். மற்றப் பக்கத்தை மட்டும் பார்த்து, ஜேர்மன்காரன் எவ்வளவு சுத்தம் என்று வியந்து முடித்துவிடலாம். இரண்டும் பாதி உண்மை.

ஜேர்மனியில் பெரிய நிறுவனங்கள் தங்கள் பொருள் எங்கே, எப்படிச் செய்யப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு சட்டம் 2023 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. வழங்கற் சங்கிலிச் சட்டம் என்று சொல்லலாம். அது வியாபாரத்துக்குச் சுமை, தளர்த்த வேண்டும் என்ற குரல்களும் உடனேயே எழுந்தன. 1837இல் சூஹார்ட் பேசிய காலத்திலும் இதே வாதம்தான் வந்தது. பிள்ளைகளை வேலைக்கு வைக்காவிட்டால் வெளியூர்க்காரரோடு போட்டி போட முடியாது என்றார்கள். அந்த வாதம் இன்று யாருக்காவது சரியாகப் படுகிறதா?

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. விடுமுறை நாளில் பிள்ளைகளை வூப்பெற்றாலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தொங்கு தொடருந்தில் ஏற்றுங்கள், யானைக்குட்டிக் கதையைச் சொல்லுங்கள். பிறகு பார்மனில் இறங்கி, எங்கெல்ஸ் குடும்பத்தின் வீட்டையும் அதன் அருகே இருக்கும் தொழில் அருங்காட்சியகத்தையும் காட்டுங்கள். அங்கே நூல் நூற்கும் பழைய இயந்திரங்கள் இருக்கின்றன. அவற்றின் முன்னால் உங்கள் வயதுப் பிள்ளைகள் நின்றார்கள் என்று சொல்லுங்கள். அதோடு நின்றுவிடாமல், சாயவேர் என்று ஒன்று எங்கள் மணலில் இருந்தது, அதைத் தோண்டியவர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். ஜேர்மன் பாடப் புத்தகத்தில் அது வராது. நாங்கள் சொன்னால்தான் உண்டு.

கடையில் ஒரு சட்டையைக் கையில் எடுத்தால், கழுத்துப் பட்டியில் விலையோடு சேர்த்து ஊரையும் வாசிக்கப் பழக்குங்கள். இது எந்த ஆற்றில் தோய்ந்து வந்தது என்று ஒரு பிள்ளை கேட்டால், அது நல்ல கேள்வி. பதினெட்டு வயதில் ஒரு முதலாளியின் மகன் கேட்ட கேள்வியும் அதுதான்.